மஞ்சள் பட்டை பீதி

உபுண்டுவில் மெமரி எவ்வளவு மிச்சம் என்று சொல்ல 'ஃப்ரீ' என்ற கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. மூன்று வரி எண்கள், கலர் கிடையாது, யார் சீந்துவார்கள்? ஆகவே அதையே கலர் பட்டையாகக் காட்டும் எச்டாப்பை நிறுவுகிறோம்.

அன்றோடு போச்சு நிம்மதி. மெமரிப் பட்டையில் பச்சை கொஞ்சம், மீதியெல்லாம் மஞ்சள். 'ஐயோ, ராம் ரொம்பிடுச்சு!' மஞ்சள் என்பது கேஷ். திறந்த கோப்புகளைக் கெர்னல் அதில் வைத்திருக்கும். காலித் திண்ணையில் படுத்திருக்கும் வழிப்போக்கர் மாதிரி, வீட்டுக்காரர் வந்தால் எழுந்து இடம் விடும். உண்மையில் எவ்வளவு மெமரி கிடைக்கும் என்று மதிப்பிட்டுச் சொல்லவே 2014-இல், 3.14 கெர்னலில், 'மெம்அவெய்லபிள்' என்று தனியாக ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். எண்ணை யார் பார்க்கிறார்கள், கலர் இருக்கும்போது? ரூட்டாகி கேஷைத் துடைக்கிறோம். பட்டை இளைக்கிறது. பிரவுசரை மூடித் திறந்தால், எல்லாவற்றையும் மறுபடி டிஸ்கிலிருந்து வாசித்து நொண்டுகிறது.

பழி எச்டாப் மேல். 'ஆப்ட் ரிமூவ்' அடித்தால் நிரல் போகும், இடிசி-யில் அமைப்புக் கோப்பு ஏதாவது இருந்தால் தங்கும். அதற்கு 'பர்ஜ்'. துணைக்கு வந்த பொதிகளுக்கு 'ஆட்டோரிமூவ்'. இத்தனைக்கும் மிச்சமாவது டிஸ்கில் சில நூறு கேபி. ராமில்? அதுதான் ஓடவே இல்லையே!

ஹோம் டைரக்டரியை மட்டும் ஆப்ட் தொடாது. அங்கே டாட்கான்ஃபிக்கில் எச்டாப்பின் அமைப்புக் கோப்பான எச்டாப்ஆர்சி பத்திரமாக இருக்கும். அடுத்த வாரம் திரும்ப நிறுவும்போது, போன தடவை வைத்த அதே நெடுவரிசைகளோடு திறக்கும்.