பனையேறியும் பாடகர் குழுவும்

ஆண்டனி டிரோலப் என்கிற இங்கிலாந்து நாவலாசிரியரை எனக்கு ஆகவே ஆகாது. அவரும் தபால் துறை, நானும் தபால் துறை. அவரும் சர்ச்சுக்காரர்களை வைத்துக் கதை எழுதினார், நானும் எழுதத்தான் பார்க்கிறேன். அந்த மனுஷர் காலை 5.30 மணிக்கே மேசை முன் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை வீதம் எழுதிவிட்டுத்தான் மற்ற ஜோலிக்குப் போவாராம். மொத்தம் 47 நாவல்கள். போதாததற்குத் தெருவோரத் தபால் பெட்டியை அந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஒரே துறையில் இப்படி ஒருத்தர் இருந்து தொலைத்தால் மற்றவன் பிழைப்பு என்ன ஆவது?

சுயசரிதையைத் துருவியதில் குட்டு வெளிப்பட்டது. விடியற்காலையில் எழுப்பிக் காபி கொடுப்பதற்காகவே ஒரு வேலையாளுக்கு வருஷத்துக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். இதை வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

"அந்த அஞ்சு பவுனை எனக்குக் குடுங்க, நானே எழுப்பி விடுதேன்" என்றாள் மனைவி. கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னதால் அவள் நகைக்கடைக் கணக்கில் பேசுகிறாள் என்று புரிந்தது.

ஆனாலும் எழுப்பினாள். எழுந்ததும் கதை எழுத முடியுமா? முதலில் குடும்ப ஜெபம். அம்மா ஜெபிக்க ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் தொடங்கி, சேகரம், திருமண்டலம், வடக்கே ஊழியம் செய்கிற மிஷனெரிகள், தேசத்தை ஆளுகிறவர்கள் என்று ஒருவரையும் விடமாட்டாள். நடுவில் 'இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும்' என்று ஒரு விண்ணப்பம் வரும். பிள்ளை என்பது நான்தான். வயது ஐம்பத்து மூன்று. ஆமென் சொல்லி நிமிரும்போது பால்காரர் மணி அடிப்பார், தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்லிக் குரல் வரும், மகன் சாக்ஸ் ஒன்றைக் காணோம் என்பான்.

இத்தனைக்கும் நடுவில் ஞானமுத்து பனைமரத்தில் நிற்கிறான். என் நாவலின் நாயகன். பனையேறி. இடுப்பில் அருவாள் பெட்டியோடு ஏறி, பாளையைச் சீவிக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுகிற இடம்வரை கொண்டுபோய் நிறுத்தினேன். அது லெந்து காலம். பதனீர் காலம் முடிந்தது, அறுப்பின் பண்டிகை முடிந்தது, கேரல் பாடும் காலமும் வந்துவிட்டது. அவன் கையில் அதே சுண்ணாம்பு.

இறக்கலாம்தான். அதற்கு ஒரு சாயங்காலம் வேண்டும். திங்கட்கிழமை பாடகர் குழுப் பயிற்சி. நான் டெனர். நான் வராவிட்டால் பாட்டு கெட்டுவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. வந்தால்தான் கெடுகிறது என்று குழுத் தலைவருக்கு ஒரு நம்பிக்கை. புதன் வீட்டு ஜெபக்கூட்டம். வெள்ளி உபவாச ஜெபம். சனிக்கிழமை சேகரக் கமிட்டி. அதில் அசனப் பண்டிகைக்கு அரிசி எவ்வளவு, வாடகைப் பாத்திரம் எவ்வளவு, போன வருஷம் தொலைந்த அண்டா யார் வீட்டில் இருக்கிறது என்று பேசி முடிக்கப் பத்து மணி ஆகும். அண்டா விஷயத்தில் எனக்கு ஒரு யூகம் உண்டு. அதை நாவலில்தான் எழுத முடியும்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். தமிழின் முதல் நாவலை 1879-இல் வெளியிட்டார். முன்சீப்பிடம் போய், "அண்ணாச்சி, அசனத்துக்கு வெங்காயம் உரிக்க ஆள் குறையுது" என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகள் ஏழும் 1950 முதல் 1956 வரை வெளிவந்தன. அவர் கல்யாணம் செய்துகொண்டது 1956-இல். நான் வருஷங்களை மட்டும்தான் சொல்கிறேன்.

ஜான் பனியன்மீதுதான் உண்மையான பொறாமை. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்போர்டு சிறையில் 12 வருஷம். கமிட்டி கிடையாது, மோட்டார் கிடையாது. 1678-இல் மோட்ச பிரயாணம் வெளிவந்தது. நம் நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்று 3,000 பாட்டுக்கு மேல் பாடி 1894-இல் கொண்டுவந்தார். பனியனைப் பற்றி மேலும் படித்தபோதுதான் மனம் கொஞ்சம் ஆறியது. சிறைக்குள் உட்கார்ந்து அவர் கயிறு நாடாக்களுக்கு நுனி கட்டி விற்று வீட்டுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார். பூட்டி வைத்தாலும் குடும்பஸ்தனுக்கு விடுதலை இல்லை.

நேரம் ஒரு பக்கம் இருக்கட்டும். கதை எழுதுவது பொய் சொல்வதுதானே என்கிற கேள்வி என் மனைவிக்கு உண்டு. ஞாயிறு பள்ளி ஆசிரியை; லேசில் விடமாட்டாள்.

"ஆண்டவரே கதை சொன்னாரே, கெட்ட குமாரன் கதை?" என்றேன்.

"அவரு 22 வசனத்துல முடிச்சிட்டாரு. உங்களுக்கு ஒரு ஆளை மரத்துல இருந்து எறக்க ஒரு வருஷமா?"

அப்படிப்பட்டவள்தான் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, "இன்னைக்குக் கமிட்டிக்குப் போவாண்டாம். உள்ள போயி எழுதுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று கதவைச் சாத்தினாள். ஞானமுத்து மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். நான் பேனா மூடியைக் கழற்றியதும் வாசலில் கமிட்டிச் செயலாளரின் குரல்.

"அண்ணாச்சி இல்லையா?"

"தூத்துக்குடி போயிருக்காவ. அவங்க அக்காவுக்கு மேலுக்குச் சரியில்லை."

"செருப்பு கிடக்கே?"

"அவசரத்துல பக்கத்து வீட்டுச் செருப்பை மாட்டிட்டுப் போயிட்டாவ."

இப்படித் தங்குதடையில்லாமல் எனக்கு ஒரு வரி வந்ததில்லை. தும்மல் வந்தது, தலையணையில் முகத்தைப் புதைத்துச் சமாளித்தேன். செயலாளர் போகவில்லை. அக்காவுக்கு என்ன நோவு என்று விசாரித்தார். இவள் வயிற்றில் ஒரு கட்டி என்றாள். எந்த ஆஸ்பத்திரி என்றார். அதற்கும் ஒன்று சொன்னாள். அவர் உச்சுக்கொட்டிக்கொண்டே பைக்கைக் கிளப்பினார். நான் எழுதியது முக்கால் பக்கம். ஞானமுத்து மரத்தின் பாதி வரை வந்துவிட்டான்.

மறுநாள் ஆராதனையில் ஐயர் வியாதியஸ்தருக்கான விண்ணப்பத்தில் அக்காவின் பெயரைச் சொல்லி உருக்கமாக ஜெபித்தார். பின் வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தினர் ஒரு வேன் பிடித்துத் தூத்துக்குடிக்குப் பார்க்கப் போவதாக முடிவு செய்திருக்கிறார்கள். அக்கா தினம் காலையில் கடற்கரையில் நாலு கிலோமீட்டர் நடக்கிறவள். அவளிடம் இந்த விஷயத்தை யார் சொல்வது என்று எங்கள் வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.