கொரில்லா உடலில் ஓர் இயந்திரன்

1953-இல் ஹாலிவுட்டில் வந்த 'ரோபாட் மான்ஸ்டர்' படத்துக்கு இயந்திர மனிதன் தேவைப்பட்டான். உடை செய்யப் பணமில்லை. நடிகர் ஜார்ஜ் பாரோஸிடம் சொந்தமாக ஒரு கொரில்லா உடை இருந்தது. அதன் தலையைக் கழற்றி, ஆன்டெனா முளைத்த விண்வெளித் தலைக்கவசம் ஒன்றை மாட்டினார் இயக்குநர் பில் டக்கர். வேற்றுக்கிரகத்து ரோ-மேன் தயார். தொந்தி மட்டும் கொரில்லாவுடையது.

அவன் திரையில் வருவதற்குள் எட்டுப் பேர் தவிர மனித குலமே அழிந்துவிடுகிறது. செலவு மிச்சம். அந்த எட்டுப் பேரைத் தேடித்தான் அண்ணன் வெயிலில் குன்றேறி இறங்கி, மூச்சு வாங்கி, படத்தின் பாதியைத் தின்றுவிடுகிறார். கட்டுப்பாட்டு அறை ஒரு குகை. வாசலில் சோப்புக் குமிழி விடும் இயந்திரம். அது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. டைட்டிலில் மட்டும் அதற்கு மரியாதையாகப் பெயர் போட்டிருக்கிறார்கள்.

நடுவில் 1940-ஆம் ஆண்டுப் படம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த பல்லிகள் டைனோசர் வேஷத்தில் சண்டை போடுகின்றன. கடைசியில் எல்லாம் ஒரு சிறுவனின் கனவாம். சரி என்று எழுந்தால், குகையிலிருந்து ரோ-மேன் மறுபடி வருகிறான். அதே காட்சி, மூன்று முறை.