பொம்மையார்பாளையத்தில் பனி பொழியுமா?

மார்கழி பிறந்தால் வானிலை ஆர்வலர்களுக்கு ஓர் ஆசை துளிர்க்கும். புயல் சின்னங்கள் கரைந்து, வடகிழக்குப் பருவமழையும் மூட்டை கட்டும் நேரம். பேச வேறொன்றும் இருக்காது. "நம்ம பக்கம் ஸ்னோ விழ சான்ஸ் இருக்கா?" என்று ஒருவர் கொளுத்திப் போடுவார். ஊட்டி, மூணாறு, கொடைக்கானல் என்று பேச்சு மலையேறும். மலையேறிய பேச்சைக் கொஞ்சம் கீழே இறக்குவோம். விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்குக் கடற்கரைச் சாலையில், அலையை ஒட்டியே கிடக்கும் பொம்மையார்பாளையத்தில் பனி பொழியுமா? பொழிகிறது என்பது என் கட்சி. தரைக்கு வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான்.

பாதிக் குழப்பத்துக்குத் தமிழே காரணம். ஆண்டின் ஆறு பருவங்களில் இரண்டைப் பனிக்கே பட்டா போட்டுக் கொடுத்தவர்கள் நாம்: மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. விடியற்காலையில் கரையில் கிடக்கும் வலையை நனைப்பது பனி; சாலையை மறைக்கும் மூட்டம் பனி; ஊட்டிப் புல்வெளியில் உப்புத் தூவினாற்போல் வெளுத்திருப்பது பனி; இமயமலையில் கொட்டுவதும் பனி. வெப்பமானி 20 டிகிரியைத் தொட்டதுமே மங்கி குல்லாவும் மஃப்ளருமாக டீக்கடைக்கு வருகிறவரிடம் இந்த நான்கையும் பிரித்துச் சொல்லிப் பயனில்லை. அவருக்கு எல்லாமே சுவிட்சர்லாந்து.

ஊட்டியில் வருடாவருடம் விழுகிறதே என்பார்கள். அங்கே எதுவும் விழுவதில்லை. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்குத் தாரைவார்த்துவிட்டு உறைநிலைக்குக் கீழே போகிறது. காற்றின் ஈரம் புல்லின்மேலேயே உறைகிறது. அது உறைபனி. பனிப்பொழிவுக்கோ மேகம் வேண்டும். மேகம் வந்தால் கம்பளி போர்த்தியதுபோல் தரையின் சூடு தங்கிவிடும். நீலகிரியில் மேகமும் கடுங்குளிரும் பேசாத பங்காளிகள்: ஒருவர் வந்த பந்தலுக்கு மற்றவர் வரமாட்டார். அங்கே அவலாஞ்சி என்றே ஓர் ஊர் உண்டு. ஆங்கிலத்தில் பனிச்சரிவைக் குறிக்கும் சொல். பெயர் வந்தது மண்சரிவால். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது, அதுவும் மழைதான்.

கிளிமஞ்சாரோ நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தும் பனி மூடியிருக்கிறதே என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. அதன் உயரம் 19,000 அடிக்கு மேல். நம் பக்கத்து வானில் காற்று உறைநிலையைத் தொடுவது ஏறத்தாழ 16,000 அடியில். தொட்டபெட்டா 8,650 அடி. பாதி தூரத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. செஞ்சி ராஜகிரி சுமார் 800 அடி. இருபது ராஜகிரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் விழுப்புரம் மாவட்டத்திலும் பனிச்சறுக்கு விடலாம். தொல்லியல் துறை சம்மதிக்க வேண்டும். சகாராவிலேயே விழுந்ததே என்றால், 2016லும் 2018லும் பனி கண்ட அல்ஜீரியாவின் ஐன் செஃப்ரா கடல்மட்டத்துக்கு 3,000 அடிக்கு மேலே, நமக்கு வெகுதூரம் வடக்கே இருக்கிறது. நமக்கோ வடக்கில் இமயமலை, கிழக்கில் தை மாதத்திலும் வெதுவெதுப்பாகவே இருக்கும் வங்கக்கடல். பருவநிலைதான் மாறிவிட்டதே என்று கடைசி அஸ்திரத்தை எடுப்பவருக்கு ஒரு வார்த்தை: பூமி சூடாவதால் அந்த 16,000 அடிக் கோடு இன்னும் மேலேதான் போகும்.

இனி என் கட்சிக்கு வருகிறேன். பெருமழை தரும் மேகங்கள் அந்தக் கோட்டையும் தாண்டி வளர்பவை. மேலே பனிச்சீவல்களாகத் திரள்வது, இறங்கும்போது கோட்டைத் தாண்டியதும் உருகி மழையாகிறது. உருகும் அந்த அடுக்கை ராடார் பளிச்சென்ற பட்டையாகக் காட்டும். ஆர்வலர்கள் பார்த்து மகிழலாம். ஆக, பொம்மையார்பாளையத்துக்கு வரவேண்டிய பனி மூன்று மைல் உயரத்திலேயே தண்ணீராகிவிடுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, பொம்மையார்பாளையத்துப் பொம்மபுர ஆதீனத்தின் முருகன் வீற்றிருக்கும் மயிலத்தில் பதிவான மழை 51 சென்டிமீட்டர். அதில் எத்தனை துளி மேலே பனியாக இருந்ததோ! ஸ்வெட்டருக்கு எடுத்து வைத்த காசில் நல்ல குடையாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.