கரையாவிட்டாலும் வெற்றிதான்!

கேள்வி: அம்மாவின் செவி நரம்பில் புற்றுநோய் அல்லாத கட்டி. காமா நைஃப் கதிர் சிகிச்சை முடிந்து ஆறு மாதம். எம்.ஆர்.ஐ.யில் கட்டி சற்றுப் பெருத்திருக்கிறதே, சிகிச்சை வீணா?
– வாசகர், பாப்பாரப்பட்டி

பதில்: பதறாதீர்கள், அணையப்போகும் விளக்கு கொஞ்சம் தூக்கி எரியும். கதிர் பட்ட கட்டி முதல் ஒன்றிரண்டு ஆண்டில் தற்காலிகமாக வீங்குவதுண்டு. காமா நைஃபுக்குப் பெயரில்தான் கத்தி, அது கட்டியை வெட்டுவதில்லை, வளர்ச்சிக்குப் பூட்டுப் போடுகிறது. வளராமல் கிடந்தாலே வெற்றி! பூட்டை இழுத்துப் பார்ப்பதுதான் ஸ்கேன்: முதலில் ஆறு மாதத்தில், பிறகு ஆண்டுக்கொன்று, அப்புறம் இடைவெளி விட்டு. பழைய படங்களையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தள்ளாட்டம், முகக்கோணல், கடும் தலைவலி வந்தால் மட்டும் தேதிக்குக் காத்திராதீர்கள். மற்றபடி, 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டிய பாரத மாதா ஆலயத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு பொறுத்த ஊர் உங்கள் பாப்பாரப்பட்டி. இரண்டு வருடம் பொறுக்காதா?