எவ்வளவு கொடுக்கும்?

மெக்கானிக்கல் படிப்பவனிடம் சொந்தக்காரர்களுக்கு இரண்டே கேள்விகள்தான் உண்டு. வேலை கிடைத்துவிட்டதா? இந்த வண்டி எவ்வளவு கொடுக்கும்? முதல் கேள்விக்குப் பதில் இல்லாததால் இரண்டாவதற்கு நான் உற்சாகமாகப் பதில் சொல்லிவிடுவேன். லிட்டருக்கு டவுனுக்குள் பதினைந்து கிலோமீட்டர், ஹைவேயில் இருபது, ஏசி போட்டால் ஒன்றிரண்டு குறையும். மாமா அதோடு விடமாட்டார். மூன்றாவது கியரிலா நான்காவதிலா, ஆள் எத்தனை பேர், டயரில் காற்று எவ்வளவு என்று கிண்டுவார். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்காத ஜனம் நாம்.

ஆனால் காரிடம் கேட்கும் இந்தக் கேள்வியைக் கார் கம்பெனியிடம் நாம் கேட்டதில்லை. கம்பெனியைக் கூட்டிவந்து குத்துவிளக்கு ஏற்றிய மந்திரியிடம் கேட்டதில்லை. சினிமாக் கதாநாயகனிடம் கேட்டால் அவருடைய ரசிகர் நம் வீட்டு விலாசம் கேட்பார்.

எங்கள் பாடத்திட்டத்தில் வரலாறு கிடையாது. பொறியாளனுக்கு வரலாறு தெரிந்தால் யாருக்கோ தொந்தரவு என்று யோசித்துத்தான் அதை எடுத்திருக்க வேண்டும். அதனால் சுதந்திர இந்தியாவை நான் கார்களை வைத்தே படித்தேன். இங்கிலாந்துக்காரன் கழித்துப்போட்ட மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் அச்சை வாங்கிவந்து, அம்பாசிடர் என்று பெயர் வைத்து, 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை ஏறக்குறைய அதே உருவத்தில் செய்தோம். தலைமுறை மாறியது, பிரதமர்கள் மாறினார்கள், பின்சீட்டில் விரித்த வெள்ளைத் துண்டு மாறவில்லை. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவனுக்கு அது கார். பின்சீட்டில் உட்கார்ந்தவனுக்கு அது சிம்மாசனம். சிம்மாசனத்தின் உச்சியில் இருந்த சிவப்பு விளக்கை 2017 மே 1 அன்று எடுத்துவிட்டார்கள், வி.ஐ.பி. கலாச்சாரம் ஒழிந்தது என்று தலையங்கமும் வந்தது. ஒழிந்தது விளக்குதான். முன்னால் சைரன் ஜீப், பின்னால் வரிசையாக இன்னோவா, ஓரங்கட்டப்பட்ட ஆம்புலன்ஸ் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வெயிலில் நிறுத்திவைக்கப்பட்ட நாமும் இருக்கிறோம்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் மாருதி. பிரதமரின் இளைய மகன் சஞ்சய் காந்தி மக்கள் கார் செய்யப்போகிறேன் என்றார். லைசென்ஸ் கிடைத்தது, டெல்லிக்குப் பக்கத்தில் நிலம் கிடைத்தது, வங்கிக் கடன் கிடைத்தது. மக்களுக்குக் கார் மட்டும் கிடைக்கவில்லை. அதே குடும்பத்தின் இன்னொரு கம்பெனி ரோடு ரோலர் விற்றது. 1977-ல் கடையைக் கட்டினார்கள், பிறகு அரசே அதை எடுத்துக்கொண்டு, சுசுகியைக் கூட்டிவந்து, 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் முதல் மாருதி 800-க்குச் சாவி கொடுத்தது. மகனின் கனவுக்குத் தாய் சாவி கொடுத்த காட்சியை எந்த இயக்குநர் எடுத்திருந்தாலும் ‘கொஞ்சம் ஓவர்’ என்று விமர்சனம் வந்திருக்கும்.

அடுத்த மக்கள் கார் டாடாவின் நானோ. ஒரு லட்ச ரூபாய் கார், மேற்கு வங்கத்தின் சிங்கூரில் வளமான விளைநிலம், போராட்டம், 2008-ல் மூட்டையைக் கட்டிக்கொண்டு குஜராத்தின் சாணந்துக்கு ஓட்டம். நிலம் எடுத்தது செல்லாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, கான்கிரீட் கொட்டிய வயலை விவசாயியிடம் திருப்பிக் கொடுக்கவைத்தது. 2023-ல் நடுவர் மன்றம் 765.78 கோடி ரூபாயும் வட்டியும் இழப்பீடாகக் கொடுக்கச் சொன்னது. விவசாயிக்கு என்று நினைத்தீர்களா? டாடா மோட்டார்ஸுக்கு.

சினிமாவுக்கு வருவோம். தமிழ் சினிமாவில் காருக்கும் சாதி உண்டு. வெள்ளை அம்பாசிடர் வந்தால் எம்.எல்.ஏ. பத்மினி வந்தால் மூன்று பெண்களைப் பெற்ற நேர்மையான அப்பா. சுமோ வந்தால் அரிவாள். ஒரு காலத்தில் ஊர்ப்பெயரில் தலைப்பு வைத்த படங்களில் சுமோ ஓடியதைவிடப் பறந்ததுதான் அதிகம். சுமோ என்பது ஒரு பொறியாளரின் பெயர் என்று மூன்றாம் ஆண்டில்தான் எனக்குத் தெரியவந்தது. டாடா மோட்டார்ஸாகப் பெயர் மாறுவதற்கு முந்தைய டெல்கோவை வளர்த்தெடுத்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலும் குடும்பப் பெயரிலும் இரண்டிரண்டு ஆங்கில எழுத்தைக் கிள்ளி வைத்த பெயர் அது. ஒரு மெக்கானிக்கல் ஆசாமிக்கு இந்த நாடு செய்த அதிகபட்ச மரியாதை, அடியாள் வண்டிக்கு அவர் பெயரை வைத்ததுதான். எங்கள் துறைத் தலைவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

திரைக்கு வெளியே நாயகர்கள் சுமோவில் வருவதில்லை. 2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல். நடிகர் விஜய் நீலாங்கரையில் சைக்கிள் மிதித்து வந்து ஓட்டுப் போட்டார். பெட்ரோல் விலைக்கு எதிரான புரட்சி என்று ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள். வாக்குச்சாவடி பக்கத்துத் தெரு, கார் நிறுத்த இடமில்லை, அவ்வளவுதான் என்றது அவர் தரப்பு. அதே ஆண்டு ஜூலையில் அதே நாயகரின் ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2012-ல் இங்கிலாந்திலிருந்து இறக்கிய வண்டிக்கு நுழைவு வரி கட்டச் சொல்லக்கூடாது என்ற மனுவைத் தனி நீதிபதி தள்ளுபடி செய்து, ஒரு லட்ச ரூபாய் அபராதமும் போட்டு, நிழல் நாயகர்களைப் பற்றிச் சூடாக நாலு வார்த்தையும் சொன்னார். மேல்முறையீட்டில் அந்தச் சூடான வார்த்தைகள் நீக்கப்பட்டன, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதமே தனுஷின் ரோல்ஸ் ராய்ஸும் அதே வாசலில் நின்றது. பால்காரர்கூட ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் வரி கட்டுகிறாரே என்று நீதிபதி கேட்டார். பால்காரருக்கு வரிவிலக்கு கேட்க வக்கீல் இல்லை, அதனால் கட்டுகிறார்.

எனக்கு ரோல்ஸ் ராய்ஸ் மேல் பொறாமை உண்டு, மறைப்பானேன். அந்த வி-12 இன்ஜினை ஒருமுறை பிரித்துப் பார்க்கக் கொடுத்தால் ஒரு செமஸ்டரை விட்டுத்தருவேன். என் கோபம், திரையில் ஏழைக்காக வசனம் பேசும் கை, மனுவில் கையெழுத்துப் போடும்போது ஏன் நடுங்குவதில்லை என்பதுதான்.

அரசுக்கும் நாயக ஆசை உண்டு. சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்கு ஃபார்முலா 4 பந்தயம் வைத்தார்கள். முதலில் குறித்த தேதி 2023 டிசம்பர் 9, 10. அந்த வாரம் மிக்ஜாம் புயல் வந்து நகரத்தை முக்கியெடுத்தது. வேளச்சேரியில் கார்களே மிதந்துகொண்டிருந்ததால் பந்தயத்தைத் தள்ளிவைத்தார்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில் விளக்கு வெளிச்சத்தில் நடத்தி முடித்தார்கள். எனக்கு மோட்டார் பந்தயம் உயிர். ஆனாலும் நேப்பியர் பாலத்துப் பக்கம் கண்ணாடி மாதிரி சாலையைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. குழியில்லாத சாலை போடும் தொழில்நுட்பம் நம் மாநகரில் இருக்கிறது. அதை முடிச்சூருக்கும் மடிப்பாக்கத்துக்கும் காட்டக்கூடாது என்று எங்கோ அரசாணை இருக்கவேண்டும்.

இனி என் பாடத்துக்கே வருகிறேன். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து இ-20 என்று விற்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 32 மெகாஜூல் வெப்பம். எத்தனாலுக்குச் சுமார் 21. எண்பது பங்கு அதிலும் இருபது பங்கு இதிலுமாகக் கூட்டினால் 30-க்குக் கொஞ்சம் குறைவாக வரும். சுமார் 7 சதவீதம் காணாமல் போகிறது. இதற்கு பி.இ. வேண்டாம், பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். எத்தனாலின் ஆக்டேன் அதிகம், அதற்கென்றே வடிவமைத்த இன்ஜின் கொஞ்சம் ஈடுகட்டும், உண்மைதான். ஆனால் பழைய பெட்ரோலுக்குச் செய்து இ-10-க்கு ஒப்பேற்றிய கார்களில் 6, 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே ஒப்புக்கொண்டது. கலப்பு எரிபொருளைக் குறைந்த விலைக்குக் கொடுக்கவேண்டும் என்றும் அதே அறிக்கை சொன்னது. இதில் முதல் பாதியைச் செய்துமுடித்தாயிற்று. இரண்டாவது பாதியை 2025-ல் ஞாபகப்படுத்தியபோது, எத்தனால் இப்போது பெட்ரோலைவிட விலை அதிகம் என்று பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. ஆக, விலை அதிகமான, வெப்பம் குறைவான சரக்கை நாட்டு நலனுக்காக நம் டேங்கில் ஊற்றுகிறார்கள். பங்கில் ‘எனக்குக் கலக்காதது போடுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். பால்காரரிடம் தண்ணீர் கலக்காத பால் கேட்டாலாவது சிரித்துக்கொண்டே மழுப்புவார்.

கரும்பு விவசாயிக்கு நல்லது என்கிறார்கள். இருக்கட்டும். என் அப்பாவின் பழைய பைக் கையேட்டில் இ-20 என்ற எழுத்தே இல்லை. எரிபொருள் ஹோஸும் ரப்பர் கேஸ்கெட்டும் விரிசல் விட்டால் மெக்கானிக்குக் காசு கொடுப்பது கரும்பாலையா, அமைச்சகமா? மாமாவிடம் இதைச் சொன்னேன். லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் குறைந்ததற்கு ஷோரூமில் சட்டையைப் பிடித்தவர், ‘நாட்டுக்காகத்தானே’ என்று டீயை உறிஞ்சினார்.

ஜி.எஸ்.டி. சாலைக்குப் போகலாம். எங்கள் கல்லூரி அந்தப் பக்கம்தான். சென்னையை ஆசியாவின் டெட்ராய்ட் என்று பெருமையாகச் சொல்வார்கள். அசல் டெட்ராய்ட் 2013-ல் திவாலாகி நீதிமன்றத்தில் நின்ற நகரம் என்பதை யாராவது இவர்கள் காதில் போட்டிருக்கலாம். காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். கண்ணாடியில் சாய்ந்த தலைகளில் பாதி என் வயசு.

ஒரகடம் பக்கம் டிரெய்னியாக இருந்த எங்கள் தெரு அண்ணன், பாலிடெக்னிக் முடித்தவர், லைன் வேலையை எனக்கு நடித்தே காட்டினார். வண்டி நகர்ந்து வரும். இடது பின்கதவுக்கு நாலு போல்ட். கன்னை எடு, நாலு தட்டு, விடு. ஒரு நிமிஷத்தில் அடுத்த வண்டி. பாத்ரூம் போகணும்னா ரிலீவர் வரணும், ரிலீவருக்கும் அவசரம்னா அவ்வளவுதான் என்றார். ‘அண்ணே, கார் ஓட்டுவீங்களா?’ என்று கேட்டேன். ‘லைசென்ஸ் எடுக்கவே லீவு குடுக்கலடா’ என்றார்.

அவரைப் போன்றவர்களுக்காகவே 2013-ல் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. ‘நீம்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. திறன் வளர்ப்பாம். திறன் வளர்க்க வந்தவனுக்குக் கொடுக்கவேண்டியது, திறனற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி அளவு என்று விதியிலேயே எழுதினார்கள். இதைவிட நேர்மையான நையாண்டியை என்னால் எழுத முடியாது. பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. அவன் தொழிலாளி கிடையாது, பயிற்சியாளன், சங்கத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. பிறகு அந்தப் பெயர் போய் வேறு பெயர்கள் வந்தன. லைன் அதே வேகத்தில்தான் நகர்கிறது.

எவ்வளவு கொடுக்கும் என்று கம்பெனியிடம் கேட்கச் சொன்னேன் அல்லவா? நிசான் 2017-ல் இந்தியா மேல் சர்வதேச நடுவர் வழக்குப் போட்டது. தமிழ்நாடு தருவதாகச் சொன்ன சலுகைத் தொகை பாக்கியாம். கேட்டது 5,000 கோடி ரூபாய்க்கும் மேல். பிறகு சமரசம் ஆனது. கொடுக்கவேண்டியது யார் என்பதிலேயே நம் மாமாக்களுக்குத் தப்புக் கணக்கு. ஹூண்டாய் 2024 அக்டோபரில் 27,870 கோடி ரூபாய்க்குப் பங்கு விற்றது, அதுவரை இந்தியாவில் யாரும் அவ்வளவு பெரிய பங்கு வெளியீடு செய்ததில்லை. இருங்காட்டுக்கோட்டையில் பூட்டிய போல்ட்டுகளின் விலை அது. முழுக்க முழுக்கத் தாய்க் கம்பெனி தன் பங்கை விற்றது, பணம் கொரியாவுக்குப் போனது. சட்டப்படி எல்லாம் சரி. சட்டப்படி சரியாக இருப்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மறைமலை நகர் ஃபோர்டு கதையைக் கேளுங்கள். 1990-களில் ஆரத்தி எடுத்து அழைத்துவந்தோம். ஐகான் ஓடியது, எக்கோஸ்போர்ட் ஓடியது. 2021 செப்டம்பரில் ஒரு நாள் அமெரிக்காவிலிருந்து அறிக்கை வந்தது, போகிறோம் என்று. சுமார் 2,600 தொழிலாளர்கள். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவர்கள், வீட்டுக் கடன் பாதி கட்டியவர்கள். இழப்பீட்டுக்காக அவர்கள் 2022-ல் வாசலில் உட்கார்ந்திருந்தபோது எந்த நாயகனும் சைக்கிளில்கூட அந்தப் பக்கம் வரவில்லை. அந்த ஜூலையில் கடைசிக் காரும் வெளியேறியது, கேட்டைப் பூட்டினார்கள்.

2025 அக்டோபரில் ஃபோர்டு திரும்பி வருகிறேன் என்றது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029-லிருந்து வருடத்துக்கு 2.35 லட்சம் இன்ஜின், சுமார் 600 வேலை. தொலைக்காட்சிகள் இடைவேளைக்குப் பிறகு நாயகன் எழுந்து வரும் பின்னணி இசையோடு அதைக் காட்டின. 2,600 பேரை அனுப்பிய வாசலில் 600 பேரைச் சேர்ப்பதற்கு மாலை மரியாதை. மீதி 2,000 எங்கே என்று ஒரு நிருபர்கூட மைக்கை நீட்டவில்லை.

முதலீட்டாளர் மாநாடு என்றால் ஆட்சி எதுவானாலும் மேடை ஒன்றுதான். 2015-ல் 2.42 லட்சம் கோடி, 2019-ல் 3 லட்சம் கோடி, 2024-ல் 6.64 லட்சம் கோடி. படத்தின் முதல் வார வசூலை அறிவிப்பதுபோல் அறிவிப்பார்கள், எதிர்க்கட்சி அது பொய் வசூல் என்று அறிக்கை விடும். வெள்ளை அறிக்கை கேட்பவரும் கொடுக்காதவரும் தேர்தலுக்குத் தேர்தல் இடம் மாறிக்கொள்வார்கள்.

அடுத்த மாநாட்டில் அந்தப் பெரிய திரையில், கோடிகளுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். மாதச் சம்பளம் எவ்வளவு, பி.எஃப். உண்டா, எத்தனை வருஷத்தில் நிரந்தரம். இதை நிரப்ப எக்செல் தெரிந்த ஒரு கிளார்க் போதும், அரை நாள் வேலை. செய்யமாட்டார்கள். நிரப்பிவிட்டால் அந்த மேடையில் யாரும் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்க முடியாது என்று கோட்டு போட்டவருக்கும் தெரியும், வேட்டி கட்டியவருக்கும் தெரியும்.