வெயிட்டிங் லிஸ்ட் சைக்காலஜிஸ்ட்

கல்யாண மண்டபம். முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்த பெரியப்பா ஒருவர் பீடாவைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறார்.

"ஏம்மா, சைக்காலஜி படிக்கப்போறியாமே? என் மனசுல இப்ப என்ன ஓடுது, சொல்லு பாப்போம்."

"இன்னொரு ஐஸ்க்ரீம் வாங்கலாமா, பெரியம்மா பாக்குறாங்களான்னு ஓடுது பெரியப்பா."

பெரியப்பாவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. இதற்கு உளவியலே தேவையில்லை. அவர் கண் ஐஸ்க்ரீம் மேசைக்கும் பெரியம்மாவுக்கும் நடுவே ஐந்து நிமிடமாக ஷட்டில் அடித்ததை மண்டபமே பார்த்தது. ஆனாலும் நம்மவரின் புகழ் அன்றைக்குள் மாப்பிள்ளை வீடு வரை பரவிவிடுகிறது. இத்தனைக்கும் அவருக்கு இன்னும் எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைக்கவில்லை.

இவர்தான் வெயிட்டிங் லிஸ்ட் சைக்காலஜிஸ்ட். இப்போது தெருவுக்கு ஒருவர் தேறுகிறார். பிளஸ் டூ முடித்திருப்பார். செல்போன் முகப்பில் சுருட்டோடு ஃப்ராய்ட் இருப்பார். பட்டம்தான் பாக்கியே தவிர, பிராக்டிஸ் எப்போதோ தொடங்கிவிட்டது. வாசல் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கும் அப்பாவுக்கு ஓசிடி. சண்டை போட்ட மறுநாள் சாம்பாரில் உப்பைக் குறைக்கும் அம்மாவுக்கு 'பாசிவ் அக்ரெஷன்'. அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் தம்பிக்கு 'அட்டாச்மென்ட்' கோளாறு. எதிர்வீட்டு மாமி கோலத்தை அழித்து அழித்துப் போடுகிறார் என்பதால் அவர் கண்காணிப்பில் வைக்கப்பட்டிருக்கிறார். கட்டணம் கிடையாது. வேண்டாம் என்றாலும் விடுவது கிடையாது.

இவரை எதிர்கொள்ளும் உறவினர்கள் இரண்டு கட்சி. ஒன்று கீழ்ப்பாக்கம் கட்சி. 1794-இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகக் கேலிக்கே பயன்படுத்திப் பழகியவர்கள். "என்னடி, படிச்சு முடிச்சதும் கீழ்ப்பாக்கத்துல வேலையா, இல்ல அட்மிஷனா?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். மற்றது 2005 கட்சி. அந்த ஒரே ஆண்டில் 'சந்திரமுகி'யும் 'அந்நிய'னும் வெளிவந்தன. இவர்களுடைய உளவியல் படிப்பு அதோடு பூர்த்தி. ரஜினி போல அமெரிக்கா போய்த் திரும்ப வேண்டும், பங்களாவில் தங்க வேண்டும், கங்காவைக் குணப்படுத்த வேண்டும். அது மனநல மருத்துவம், அதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டும், தான் படிக்கப்போவது உளவியல் என்று நம்மவர் விளக்கினால், "ரெண்டும் ஒண்ணுதானே" என்று சித்தப்பா தீர்ப்பு எழுதிவிடுவார்.

நம்மவரின் கனவு டெல்லி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் உளவியல், முடிந்தால் லேடி ஸ்ரீராம் கல்லூரி. அந்தக் கல்லூரி 2020-இல் உளவியலுக்கு அறிவித்த முதல் கட்-ஆஃப் 100 சதவீதம். அதாவது ஒரே ஒரு மதிப்பெண்ணைத் தவறவிட்ட பெண்ணும் அன்று வாசலுக்கு வெளியே. மனிதர்களின் குறைகளைப் புரிந்துகொள்ளும் படிப்புக்குக் குறையே இல்லாதவர்களாகத் தேடியிருக்கிறார்கள்.

2022-இல் க்யூட் நுழைவுத்தேர்வு வந்தது. இனி பிளஸ் டூ மதிப்பெண் அல்ல, ஒரே தேர்வு எல்லோருக்கும் என்றார்கள். சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழியும். பரிசும் தண்டனையும் கொடுத்து எலியைப் பழக்கிய ஸ்கின்னர் இருந்திருந்தால் பூரித்துப்போயிருப்பார். அந்தத் தேர்வில் உளவியலும் ஒரு பாடமாக உண்டு, சி.பி.எஸ்.இ. பள்ளியில் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே அதைப் படித்தவர்கள் வந்து உட்கார்கிறார்கள். நம்மவர் படித்த பள்ளியில் உளவியல் என்றால் தலைமையாசிரியர் பிரம்பை மேசையில் வைக்கும் கோணம். தேர்வில் சந்தேகமான கேள்விகளை விட்டுவிடலாமா, குருட்டாம்போக்கில் போடலாமா என்று யோசித்ததில் பாதி நேரம் போயிற்று. வெளியே வந்ததும் அம்மாவிடம், "எனக்கு டெசிஷன் பராலிசிஸ்மா" என்றார். "டிபன் சாப்பிட்டியா இல்லையா?" என்றார் அம்மா.

டெல்லி கைவிட்டதும் சென்னை. இங்கே உளவியல் துறைகளுக்குப் பழைய வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் துறை தொடங்கியதே 1943-இல். பெயர்பெற்ற கல்லூரி ஒவ்வொன்றிலும் விண்ணப்பம் போட்டு, ஒவ்வொன்றின் தேர்வுப் பட்டியலையும் நள்ளிரவில் ரிஃப்ரெஷ் செய்து, காத்திருப்போர் பட்டியலில் தன் பெயரைக் கண்டுபிடித்தார். மேலே இருப்பவர்களில் யாருக்கு மருத்துவம் கிடைக்கும், யார் வீட்டில் வெளியூர் அனுப்பமாட்டார்கள் என்று பெயரை மட்டும் வைத்தே ஆளுமை ஆய்வு நடந்தது. ஆய்வின்படி பதினான்கு பேர் விலக வேண்டும். இரண்டு பேர் விலகினார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் நம்மவர் தலைவாசலை விட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தை ஆராய ஆரம்பித்தார். வீட்டுச் சுவரில் தினத்தாள் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு சார்ட் பேப்பர் ஏறியது. முதல் வழி: ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம், பிறகு எம்.ஏ. உளவியல். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டதாரியும் தபால் வழியில் அதைப் படிக்கலாம் என்று அக்கா ஒருத்தி சொல்லியிருந்தாள். வங்கி வேலை பார்த்துக்கொண்டும், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டும் அப்படிப் படித்து வந்தவர்கள் நாடு முழுக்க உண்டு. நம்மவரும் இளநிலைக்கே அந்த வழியைப் பிடிக்கலாம் என்று விண்ணப்பத்தைப் பாதி நிரப்பியிருந்தபோது, 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் அறிவிப்பு வந்தது: 2021-ஆம் ஆண்டின் சுகாதாரத் தொழில்முறைச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, உளவியல் உட்பட, அந்தப் பருவம் முதல் தொலைநிலையிலும் இணையத்திலும் நடத்தக்கூடாது. கொல்லைக் கதவுக்கும் பூட்டு. சார்ட் பேப்பரில் சிவப்பு ஸ்கெட்ச் பேனா ஒரு கோடு இழுத்தது.

அப்பா ஒரு நாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சார்ட் முன் நின்றார். கூட்டல் அவர் தொழில்.

"இது என்ன ஆர்.சி.ஐ.?"

"இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்ப்பா. அதுல பதிவு பண்ணினாதான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்டலாம். பட்டம் மூணு வருஷம், எம்.ஏ. ரெண்டு, எம்.ஃபில் ரெண்டு."

"ஏழு. எம்.ஃபில்லைத்தான் எடுத்துட்டாங்களே?"

"எடுத்துட்டாங்க. இதுக்கு மட்டும் 2025-26 வரைக்கும் நீட்டிச்சாங்க. இப்ப புதுசா நாலு வருஷப் படிப்பு வருது."

"டாக்டருக்குப் படிச்சா?"

"அஞ்சரை. அதுக்கு மேல எம்.டி. சைக்கியாட்ரி மூணு."

"எட்டரை." அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "உன் கல்யாணத்தை எந்தக் கட்டத்துல போட்டிருக்கே?"

நம்மவர் அதை 'ப்ரொஜெக்ஷன்' என்று குறித்துக்கொண்டார்.

தோல்வியில் துவளாமல் இருக்க நம்மவர் கையில் ஓர் அஸ்திரம் உண்டு: முன்னோர் வரலாறு. 1879-இல் லைப்சிக்கில் முதல் உளவியல் ஆய்வுக்கூடம் வைத்த வுண்ட், மருத்துவம் படித்தவர். அமெரிக்காவின் வில்லியம் ஜேம்ஸ் வாங்கிய பட்டமும் மருத்துவம்தான். ஃப்ராய்ட் நரம்பு மருத்துவர். நம் நாட்டில் 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் உளவியல் துறை தொடங்கியபோது, கிரீந்திரசேகர் போஸ் என்ற டாக்டர், பிராக்டிஸ் செய்துகொண்டிருந்தவர், மாணவராகப் போய்ச் சேர்ந்தார். 1921-இல் அங்கே உளவியலில் முனைவர் பட்டம் வாங்கி, 1922-இல் இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஃப்ராய்டுக்கு 75 வயது நிறைந்தபோது அந்தச் சங்கம் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலையை அனுப்பிவைத்தது. "இவங்கள்ல ஒருத்தர்கூட பிளஸ் டூ முடிச்சு நேரா சைக்காலஜிக்கு வந்தவங்க இல்ல" என்று நம்மவர் சாப்பாட்டு மேசையில் முழங்குவார். "அவங்க எல்லாரும் டாக்டருக்குப் படிச்சாங்க, நீ நீட்டுக்கே மூட்டை கட்டிட்டே" என்று தம்பி ரசம் ஊற்றிக்கொள்வான். அவன் கோளாறுப் பட்டியலில் அன்று ஒன்று கூடும்.

கடைசியில் ஊர்க் கல்லூரியில் சமூகப்பணி இளநிலையில் சேர்ந்தார். பிறகு எம்.எஸ்.டபிள்யூ., அதில் மருத்துவ-மனநலப் பிரிவு என்று சார்ட்டில் பச்சைக் கோடு ஓடியது. முதல் பருவத்தில் சில விபரீதங்கள் நடந்தன. புள்ளியியல் என்ற ஒன்று இந்த வழியிலும் குறுக்கே படுத்திருந்தது. உளவியலிலும் அதுதான் முதுகெலும்பு என்று தெரிந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. களப்பணிக்கு ஒரு மனநலக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் அம்மாள் நம்மவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தன் மகனைப் பற்றிப் பேசினார். நம்மவர் நோட்டுப் புத்தகத்தில் எதுவும் எழுதவில்லை. அன்று வீட்டுக்கு வந்து யாருக்கும் எந்த நோயும் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சந்தேகம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த முகூர்த்த மாதம், இன்னொரு மண்டபம். அதே பெரியப்பா. இந்த முறை பீடா இல்லை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நம்மவரை ஓரமாக அழைத்தார்.

"நம்ம பையன் ரெண்டு மாசமா ராத்திரி தூங்குறதில்லம்மா. யாரோடயும் பேசுறதில்ல. வேலைக்கும் போறதில்ல. நீதான் படிக்கிறியே, என்னன்னு சொல்லேன். வெளிய யாருக்கும் தெரியவேணாம்."

பழைய நம்மவராக இருந்தால் மூன்று பெயர்கள் தயாராக வந்து விழுந்திருக்கும்.

"எனக்குத் தெரியாது பெரியப்பா. நான் படிக்கிறது அது இல்ல. அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, அண்ணனைக் கூட்டிட்டுப் போவோம், நானும் வரேன். அதுவரைக்கும் இந்த நம்பருக்குப் பேசுங்க. ராத்திரியும் எடுப்பாங்க, காசு கிடையாது. ஒண்ணு நாலு நாலு ஒண்ணு ஆறு."

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, எண்களை ஒவ்வொன்றாக வாயால் சொல்லிக்கொண்டே அழுத்தினார்.

"பேரு என்னன்னு போட?"

"டெலி மானஸ்."

மண்டபத்தில் நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. பெரியப்பா காதில் விழுந்த அளவுக்கு 'மானசா' என்று போட்டுச் சேமித்துக்கொண்டார். பெரியம்மா தினமும் அந்தப் போனில்தான் சீரியல் பார்க்கிறார் என்பது நம்மவருக்கு வீடு திரும்பும் பேருந்தில்தான் நினைவுக்கு வந்தது.