சைட்டேஷன் சார்

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சைட்டேஷன் சார். அப்பா அம்மா வைத்த பெயரை கூகுள் ஸ்காலரில் பார்த்துக்கொள்ளலாம். உயிர்மருத்துவத் துறைப் பேராசிரியர். வழியில் எதிர்ப்படுபவரை மற்றவர்கள் “சாப்பிட்டாச்சா?” என்று விசாரிப்பார்கள். இவர், “எச்-இண்டெக்ஸ் எவ்வளவு ஆச்சு?” என்பார்.

மூலிகை சேகரிக்க மாணவர்களோடு சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வேனில் ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகள் வரும். சார் ஒன்றில்கூடத் தலைநிமிர மாட்டார். கண் முழுக்கக் கைப்பேசியில். அவருடைய எச்-இண்டெக்ஸ் 27. அதாவது அவர் எழுதியவற்றில் 27 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 27 முறையாவது, மேற்கோள் (சைட்டேஷன்) காட்டப்பட்டிருக்கின்றன. 28 ஆவதற்கு ஒரே ஒரு மேற்கோள் பாக்கி. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். தூக்கம் கெட்டது சாருக்குத்தான்.

மேலே போனதும் வேலை மளமளவென்று நடக்கும். இலையைப் பறி, காயவை, பொடி செய், சாறு எடு, வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்று. கரைசல் பழுப்பானால் நானோ துகள் பிறந்துவிட்டது. அதை பாக்டீரியாத் தட்டில் வைத்து, கிருமி வளராத வட்டத்தை ஸ்கேலால் அளந்தால் கட்டுரை தயார். அடுத்த மாதம் அடுத்த இலை. எல்லாக் கட்டுரைக்கும் கடைசி வரி ஒன்றுதான்: மேலும் ஆய்வு தேவை. அந்த மேலும் ஆய்வை இதுவரை யாரும் செய்ததில்லை, சார் உட்பட.

இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஏற்காடு தோட்டத்தில் ஒரு மாணவி ஆசையாகக் கேட்டாள்: “சார், இந்த மலையோட பேரையே வச்ச வெர்னோனியா ஷெவராயென்சிஸ் இருக்கே, அதுல செய்யலாமா?”

“அது இந்த மலையை விட்டா வேற எங்கயும் இல்லம்மா. அப்புறம் யாரு சைட் பண்ணுவா? உண்ணிச்செடியைப் பறி. அது உலகம் பூரா இருக்கு.”

எஸ்டேட் ஓரத்தில் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் ஒரு கொத்து இலையைக் காட்டினார். “இதை அரைச்சுப் பத்துப் போட்டா புண்ணு ஆறுமுங்க. எங்க பாட்டன் காலத்துல இருந்து போடறோம்.” சார் கவனமாகக் குறித்துக்கொண்டார். கட்டுரையில் பெரியவர் பெயர் வருமா என்று மாணவி கேட்டதற்குக் கிடைத்த பதில்: “கட்டுரைக்கு இருக்கிற மாதிரி டிஓஐ நம்பர் அவருக்கு இல்லையேம்மா!” கட்டுரையில் ஆசிரியர்கள் பதினொரு பேர். அவர்களில் நான்கு பேர் அந்த இலையைப் பார்த்ததே இல்லை.

சாரிடம் ஒரு கணக்கு நோட்டு உண்டு. கல்யாண வீட்டு மொய் நோட்டேதான். யார் எனக்கு எத்தனை மேற்கோள் வைத்தார், நான் திருப்பி எத்தனை வைத்தேன், பாக்கி எவ்வளவு என்று பைசா சுத்தமாக இருக்கும். வைக்காதவர் வீட்டு விசேஷத்துக்குச் சார் போகமாட்டார். கேட்க ஆளில்லாத நாளில் தன் மொய்யைத் தானே எழுதிக்கொள்வார்.

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் அயோனிடிஸ் குழு வெளியிடும் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் பெயர் வந்த அன்று, கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் எழுந்தது. சொந்த மேற்கோளைக் கழித்தும் அந்தப் பட்டியலில் ஒரு கணக்கு உண்டு. ஃபிளெக்ஸில் அதற்கு இடம் போதவில்லை.

அவரை மட்டும் குறை சொல்வதும் தர்மமில்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணி மதிப்பெண் போடும் முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் கொண்டுவந்தது. எடை போட்டு வாங்கினால் ஈரம் சேரத்தானே செய்யும்?

சாரைப் போலவே இலையைப் பிடித்து, ஆனால் அதிலிருந்து மலேரியா மருந்தே எடுத்தவர் சீனாவின் து யூயூ. 1977-இல் அந்தக் கண்டுபிடிப்பு கட்டுரையாக வந்தபோது அதில் தனி ஆள் பெயரே இல்லை; குழுவின் பெயர்தான். 2015-இல் நோபல் அவரைத் தேடி வந்தது. கொல்கத்தாவின் சம்பு நாத் டே, காலரா கிருமி கக்கும் நஞ்சுதான் ஆளைக் கொல்கிறது என்பதற்கு வழிகாட்டிய கட்டுரையை 1959-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். வெகுகாலம் கண்டுகொள்வாரில்லை. 1985-இல் இறந்துபோனார். மறு ஆண்டு அவர் பெருமையை விரிவாக எழுதியவர் யூஜீன் கார்ஃபீல்ட். மேற்கோள்களை எண்ணும் வித்தையை 1955-இல் முன்மொழிந்த அதே கார்ஃபீல்ட். எண்ணிக்கை என்ற விளக்கை அவர் பிறர் முகம் பார்க்க ஏற்றினார். சார் அதில் தன் முகத்தை மட்டும் பார்க்கிறார்.

ஏற்காட்டில் அவரைச் சந்தித்தால் எத்தனை கட்டுரை என்று கேட்டுவிடாதீர்கள், பொழுது சாய்ந்துவிடும். “அந்த இலையால் யாருக்காவது புண் ஆறிற்றா சார்?” என்று மட்டும் கேளுங்கள். பதில் வருவதற்குள் நீங்கள் நிதானமாக ஒரு காப்பி குடித்துவிடலாம். ஏற்காட்டுக் காப்பி நன்றாகவே இருக்கும்.